ஆறு நிமிடக் கணக்கு

எங்கள் தொழிலில் ஒரு மணி நேரம் பத்துத் துண்டு.
துண்டுக்கு ஆறு நிமிடம்.
ஃபோனை எடுத்தால் ஒரு துண்டு,
கடிதம் படித்தால் ஒன்று,
சும்மா யோசித்தாலும் உண்டு,
எதைப் பற்றி என்று எழுதிவிட்டால்.

தெம்பனிஸ், ஒன்பதாவது மாடி.
மின்தூக்கியில் யாரோ வாங்கிப்போன மீ கோரெங் வாசனை.
தேவசகாயம், வயது ஐம்பத்திரண்டு,
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
என்னைவிட ஒன்பது வயது இளையவர்.
முதலில் கை போனது. பிறகு நாக்கு.
ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே
கீழே ஒரு பேருந்து வந்து நின்று கிளம்பிவிடும்.

ரோஸ்லினை வெளியே இருக்கச் சொன்னேன்.
கட்டணம் கொடுப்பவள் அவள்.
கட்சிக்காரர் அவர்.
தன் வீட்டுப் படுக்கையறைக்கு வெளியே
அவள் துணி மடிக்கும் சத்தம் கேட்டது.

இன்று என்ன கிழமை என்றேன்.
"தெரி... யாது. எல்லா நாளும்... ஒரே... கூரை."
எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன்.
கிழமை தெரியாதவருக்கு மனத்தெளிவு இல்லையா?
ஓய்வுபெற்ற என் அண்ணனுக்கும்தான் தெரியாது.

மனைவி பேரில் அதிகாரப் பத்திரம் ஏற்கெனவே இருக்கிறது.
வீட்டை விற்கலாம், வங்கிக் கணக்கை முடிக்கலாம்,
எந்த இல்லத்தில் சேர்ப்பது என்று தீர்மானிக்கலாம்.
மூச்சுக்குழாய் விஷயத்தில் மட்டும் அவள் சொல் ஏறாது.
அதனால்தான் இந்தத் தாள்,
அவர் வாய் இருக்கும்போதே.

"இது உயிரை எடுக்கச் சொல்லும் தாள் இல்லை"
என்று ஆரம்பித்தேன், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல்.
கண்ணை மூடித் திறந்தார்.
பொறு என்று அர்த்தம்.
"பெட்டி... இருபது டன்... மேலே தொங்குது.
இறக்கி வைக்கிறது... வேற.
கயிற... அறுக்கிறது... வேற.
எனக்கா... தெரியாது?"
சொல்லி முடிக்க நான்கு நிமிடம்.
அரைத் துண்டுக்கு மேல்.

சாட்சி நீங்களே போடுங்க என்றார்.
இவர் சாவில் ஆதாயம் உள்ளவர்
சாட்சி நிற்கக்கூடாது.
உயிலை எழுதியதும் நான்.
நாளைக்கு அதை நீதிமன்றத்துக்கு எடுத்துப்போகப்போவதும் நான்,
இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு.
அது ஆதாயமா, கூலியா?
சட்டம் என்னை விட்டுவிடலாம்.
எனக்குத்தான் பேனா மூடி திறக்கவில்லை.

எதிர்வீட்டு ஹாஷிம் வந்தார், அரைக்கால்சட்டையோடு.
டாக்டர் அடுத்த சாட்சி.
பெருவிரலில் மை தடவித் தாளில் அமுக்கியபோது
ஹாஷிம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"பார்க்கணும், ஹாஷிம்" என்றேன்.
"சாட்சி பார்க்கணும்."
பார்த்தார்.

பதினோரு வாரம் கழித்து, ஞாயிறு இரவு, ரோஸ்லின்.
பின்னால் மருத்துவமனை அறிவிப்பு.
"அன்னிக்கு என்னத்துக்கு ரேகை வாங்குனீங்க?
குழாய் வேணும்னாரா, வேணாம்னாரா?
நான் அவரு பொண்டாட்டி."
டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.
"உங்களுக்குப் பணம் கட்டினது நான்தானே?"
ஆமாம் என்றேன்.
நான் சொல்லலாம் என்றிருந்தது அந்த ஒரு சொல்தான்.

அதற்குப் பிறகு அவளும் ஃபோனை வைக்கவில்லை,
நானும் வைக்கவில்லை.
அவள் மூச்சுவிடுவது கேட்டது.
என்னுடையதும் அவளுக்குக் கேட்டிருக்கும்.
இருபத்திரண்டு நிமிடம்.

திங்கட்கிழமை கணக்கைத் திறந்தேன்.
நான்கு துண்டு.
வேலை விவரம் என்ற கட்டத்தில்
கர்சர் மூடித் திறந்தது,
மூடித் திறந்தது.

கட்டத்தைக் காலியாக விட்டு
அடுத்த கோப்பை எடுத்தேன்.
பூன் லேயில் மூன்றறை வீடு விற்பனை,
வாங்குபவரின் வழக்கறிஞருக்குக் கடிதம்.
ஒரு துண்டு.